பில்லும் ஓர் ஊழியமே
(ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீடு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே உதவுகிறது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதந்தோறும் வெளிநோயாளியாக வருகிற ஏழை, தம் கையிலிருந்தே கொடுக்கவேண்டும். பில்லுக்குப் பயந்து மாத்திரையை நிறுத்தினால் பக்கவாதமோ சிறுநீரகக் கோளாறோ வரக்கூடும்.

ஆகவே பரிசோதனைக்கு முன்பே கட்டணத்தைச் சொல்லுகிறோம். மருந்து, ஆய்வு, ஆலோசனை என்று தனித்தனியே தமிழில் எழுதிய ரசீது கொடுக்கிறோம். சலுகை தேவைப்படுகிறவரைப் பணம் கட்டும் வரிசையில் நிறுத்தாமல், தனியே அமர்த்தி விசாரிக்கிறோம். முழுக் கட்டணத்தையும் தள்ளுபடியையும் பில்லிலேயே எழுதுகிறோம். உங்கள் காணிக்கை ஏழைகளுக்கு எவ்வளவு சென்றது என்பதற்கு அதுவே கணக்கு. தொடர்ந்து எங்களைத் தாங்குங்கள்.