பீடி குடிக்காதவருக்கும் நுரையீரல் கெடுமா?
(கோபிசெட்டிபாளையம் வட்டார மக்களுக்கான உரையின் எழுத்து வடிவம்)



கோபி, கவுந்தப்பாடிப் பக்கம் நாட்டுச்சர்க்கரை காய்ச்சுகிற ஆலையைப் பார்க்காதவங்க குறைவு. அங்கே காய்ந்த கரும்புச் சக்கையை அடுப்பில் தள்ளுகிறவரும், கேஸ் இருந்தும் வெந்நீருக்கு விறகு எரிக்கிற அம்மாவும் ஒரே மாதிரிதான் சொல்லுவாங்க: “நான் பீடி குடிக்கிறதில்லீங்க, எனக்கென்ன?”

திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் புகைபிடிக்காத 900 பெண்களைப் பரிசோதித்த ஆய்வு ஒன்று 2011-ல் வெளிவந்தது. அவர்களில் 2.44 விழுக்காட்டினருக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருந்தது. அடுப்படியில் தினமும் 2 மணி நேரத்துக்கு மேல் நிற்பவர்களிடம் இன்னும் அதிகம்.

உள்ளே என்ன நடக்குது? கரி படிவது மட்டுமில்லை. புகை நுரையீரலில் ‘ஆக்சிஜனேற்ற அழுத்தம்’ உண்டாக்குது. இரும்பில் துரு ஏறுவது போல, செல்லில் இருக்கிற புரதங்களை அது அரிக்கும். செல்லும் சும்மா இருக்காது. என்.ஆர்.எஃப்.2 என்ற புரதம் கிளம்பிப் போய், காப்புப் பொருள் தயாரிக்கிற மரபணுக்களைத் திறக்கும். என்.எஃப். கப்பா பி என்ற இன்னொன்று, அழற்சி உண்டாக்கும் மரபணுக்களைத் திறக்கும். ஒரு நாள் புகைக்கு இரண்டுமே நல்லதுதான்.

திறந்ததை மூடவும் ஆள் வேணுமில்லீங்களா? அந்த வேலையைச் செய்வது எச்.டி.ஏ.சி.2 என்ற நொதி. வருசக்கணக்கில் புகை பட்டால் இந்த நொதியே அடிவாங்கிவிடும். நோய் முற்ற முற்ற நுரையீரலில் இதன் செயல்பாடு குறைவதை லண்டன் ஆய்வாளர்கள் 2005-ல் காட்டினார்கள். அவர்கள் பார்த்தது முக்கியமாக சிகரெட்டால் வந்த நோயை. ஆனால் விறகுப் புகையும் அதே வகை அழுத்தத்தைத்தான் தருது. மூட ஆளில்லாததால், புகையை விட்ட பிறகும் அழற்சி அடங்க நாளாகும்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. ஸ்டீராய்டு மருந்து அழற்சியை அடக்குவது இதே நொதியை வைத்துத்தான். அதனால் ஆஸ்துமாவுக்கு நன்றாகக் கேட்கிற மருந்து இந்த நோய்க்கு அவ்வளவாகக் கேட்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் இன்ஹேலரை வாங்கி இழுத்துப் பார்க்காதீங்க.

‘மஞ்சள் பால் போதுமா?’ என்று ஈரோட்டுக்காரர்கள் கேட்காமல் விடமாட்டீங்க. ஆய்வுக்கூடத்தில் மஞ்சளின் குர்குமின் என்.ஆர்.எஃப்.2-ஐத் தூண்டுவது உண்மை. ஆனால் குடித்ததில் ரத்தத்தில் சேருவது சொற்பம். குடிங்க, மருந்துன்னு நம்பி உட்கார்ந்திடாதீங்க.

இருமல் 2 வாரம் தாண்டினால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க. காசநோய்க்கான சளிப் பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் இலவசம். அதில் ஒன்றும் இல்லைன்னு வந்தாலும் மேடு ஏறும்போது மூச்சு வாங்கினால், ஊதிப் பார்க்கிற ஸ்பைரோமெட்ரி பரிசோதனையை எங்கே செய்யலாம்னு டாக்டரிடம் கேளுங்க. சந்தேகம் இருந்தால் போனில் 104. மூச்சுத் திணறி உதடு நீலமானால் யோசிக்காமல் 108. டாக்டர் ‘பீடி உண்டா?’ என்று மட்டும் கேட்டால், ‘இல்லீங்க, ஆனா அடுப்புப் பக்கம் இத்தனை வருசம் நின்னிருக்கேன்’னு நீங்களாகவே சொல்லிடுங்க.