பட்டினி இருந்தாலும் தசை கரையாமல்

16 மணி நேரம் பட்டினி, மீதி 8 மணி நேரத்துக்குள் சாப்பாடு. பலர் இப்படி எடை குறைக்கிறார்கள். ஆனால் புரதமும் பயிற்சியும் போதாவிட்டால், கொழுப்போடு தசையும் கரைந்துவிடும்.

கொத்தனார் வந்து நின்றாலும், செங்கல் இல்லாமல் சுவர் எழும்புமா? பயிற்சிதான் கொத்தனார். புரதம்தான் செங்கல். இரண்டும் வேண்டும்.

பகல் 12 மணிக்குப் பட்டினியை முடிக்கிறீர்களா? ரசம் சாதம் மட்டும் போதாது. முட்டையோ, கெட்டிப் பருப்போ சேருங்கள். மாலையில் கொண்டைக்கடலைச் சுண்டல். இரவு 8 மணிக்குள் மீனோ பனீரோ. புரதத்தைப் பிரித்துச் சாப்பிடுங்கள்.

பயிற்சிக்குத் தண்டால், பஸ்கி போதும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்யுங்கள்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களே, மருத்துவரைக் கேட்காமல் பட்டினி கிடக்காதீர்கள். சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம்.