குழந்தைக்காகக் குரல் கொடுப்போர்க்குச் சட்டம் தரும் காப்பு

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரை)



ஒரு குழந்தைக்குப் பாலியல் தீங்கு நேர்கிறது என்று ஐயுறும் ஒருவர் அதனை வெளியே சொன்னால், அவருக்குச் சட்டம் அளிக்கும் காப்பு யாது? இதுவே நான் எடுத்துக்கொண்ட பொருள். பள்ளியோடும் விடுதியோடும் தொடர்புடைய நமக்கு இதனை அறிந்துகொள்வது இன்றியமையாதது.

நம் தெருக்களில் இத்தகைய செய்திகள் அடங்கிப் போவதற்குக் காரணம் இரக்கமின்மை அன்று, அச்சமே. குற்றவாளி கூலி கொடுப்பவனாயின், நாளை வேலை இல்லை என்ற அச்சம். அவன் நம் உறவினனேயாயின், குடும்ப மானம் போய்விடும் என்ற அச்சம். மெய்ப்பிக்க இயலாவிடின் நம்மீதே வழக்குத் திரும்பும் என்ற அச்சம். இம்மூன்றனுள் இறுதியதற்குச் சட்டம் தெளிவான விடை தந்துள்ளது. அதனை முதலில் காண்போம்.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. போக்சோ என்று நாளேடுகள் குறிப்பது இதனையே. 18 வயது நிரம்பாத அனைவரும் இச்சட்டத்தின்படி குழந்தைகளே. இதன் 19ஆம் பிரிவு, குற்றம் நடந்ததை அறிந்தவர் மட்டுமன்றி, நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. சான்று திரட்டிக்கொண்டு வருமாறு அது எவரையும் கேட்கவில்லை. உண்மையை ஆராய்வது காவல்துறையின் கடமை. தீர்ப்பளிப்பது நீதிமன்றத்தின் கடமை. தெரிவிப்பது ஒன்றே நம் கடமை. அவ்வாறு நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர்மீது உரிமையியல் பொறுப்போ குற்றவியல் பொறுப்போ சாராது என்று அப்பிரிவின் 7ஆம் உட்பிரிவு உறுதி கூறுகிறது.

பொய்ப் புகாருக்குத் தண்டனை உண்டே என்பர் சிலர். உண்டு. ஆனால், இழிவுபடுத்தவோ பணம் பறிக்கவோ மிரட்டவோ அவதூறு செய்யவோ மட்டுமே கருதிப் பொய் கூறியவரையே 22ஆம் பிரிவு தண்டிக்கிறது. புகார் மெய்ப்பிக்கப்படாமற் போவது வேறு. பொய்ப் புகார் என்பது வேறு. பொய்யாகவே இருப்பினும், சொன்னது குழந்தையாயின் அதற்குத் தண்டனை இல்லை.

மாறாக, அறிந்தும் வாய் திறவாதிருப்பதே 21ஆம் பிரிவின்படி குற்றமாகும். அதற்கு 6 மாதம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். நிறுவனத்தின் பொறுப்பாளர் தம் கீழ்ப் பணிபுரிபவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. எனவே, "நிறுவனத்தின் நற்பெயர் கெடும், நமக்குள் பேசி முடிப்போம்" என்று எந்தத் தாளாளரும் விடுதிக் காப்பாளரும் கூற இயலாது. தெரிந்தும் தெரிவிக்காமை குற்றவாளியைக் காக்கும் முயற்சி என்று உச்சநீதிமன்றம் 2022 நவம்பரில் மகாராட்டிர வழக்கொன்றில் எடுத்துரைத்தது.

காவல் நிலையத்தில் நடக்க வேண்டிய முறையையும் அறிந்துகொள்ளுங்கள். நாம் சொல்வதை எழுதி, பதிவு எண் இட்டு, நமக்குப் படித்துக்காட்ட வேண்டும். 24 மணி நேரத்திற்குள் குழந்தைகள் நலக் குழுவிற்கும் சிறப்பு நீதிமன்றத்திற்கும் தெரிவிக்க வேண்டும். காவல் நிலையம் செல்லத் தயங்குவோர் 1098 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

ஆனால், வழக்கிலிருந்து காப்பது வேறு. ஊரிலிருந்து காப்பது வேறு. ராஜஸ்தானில் பட்டேரி என்னும் சிற்றூரில், குயவர் குலத்துப் பெண்மணி பன்வாரி தேவி அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் பணியாற்றினார். 1992இல், ஓராண்டும் நிறையாத ஒரு பெண் குழந்தைக்கு ஆதிக்கச் சாதியார் செய்யவிருந்த திருமணத்தைத் தடுக்க முற்பட்டார். காவல்துறை வந்ததற்குக் காரணம் அவரே என்று ஊரார் அவரைப் புறக்கணித்தனர். பின்னர் கூட்டு வன்கொடுமைக்கு அவர் ஆளானார். 1995இல் கீழ் நீதிமன்றம் அக்குற்றச்சாட்டிலிருந்து எதிரிகளை விடுவித்தது. பணியிடப் பெண்களுக்கான 1997ஆம் ஆண்டு விசாகா தீர்ப்பு அவருடைய துயரத்திலிருந்து பிறந்ததே. ஆயினும், அன்று அவருக்கு அரண் எதுவும் இருக்கவில்லை.

அந்தக் குறை இன்று ஓரளவு நீங்கியுள்ளது. பாதிக்கப்பட்ட குழந்தை பட்டியல் சாதியோ பழங்குடியோ ஆகி, குற்றவாளி அவ்விரண்டும் சாராதவராயின், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் துணைக்கு வரும். 2015இல் அதில் சேர்க்கப்பெற்ற 15ஏ பிரிவின்படி, தகவல் தந்தவரையோ சாட்சியையோ எவரேனும் மிரட்டினால், அப்புகாரைக் காவல்துறை பதிவு செய்தே ஆக வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் படியையும் இலவசமாக உடனே தர வேண்டும். சாட்சியின் பெயர், முகவரியை மறைக்கவும் சிறப்பு நீதிமன்றம் ஆணையிடலாம். மேலும், உச்சநீதிமன்றம் 2018 டிசம்பரில் ஏற்ற சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின்கீழ், மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் பாதுகாப்புக் கோரலாம்.

எனினும், போன கூலியை எந்தப் பிரிவும் மறுநாளே மீட்டுத் தராது. அங்கேதான் இக்கழகத்தின் பணி தொடங்குகிறது. தகவல் சொல்லச் செல்பவரைத் தனியே அனுப்பாதீர்கள்; இருவர் உடன் செல்லுங்கள். வேலை இழந்தால் அக்குடும்பத்தின் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தையின் பெயரைத் தெருவில் பேசவிடாதீர்கள். குற்றவாளி நம்மவனாயினும் இதே முறையைக் கைக்கொள்ளுங்கள். அயலான் செய்தால் வன்கொடுமை, நம்மவன் செய்தால் குடும்பச் செய்தி என்று நாம் பிரித்துப் பார்த்தால், நீதி கேட்கும் தகுதியை நாமே இழப்போம்.

கற்பதோடு ஒன்று சேர்தலையும் அண்ணல் அம்பேத்கர் நமக்கு வலியுறுத்தினார். குழந்தைக்காக ஒருவர் வாய் திறக்கும்போது அவருக்குப் பின்னே பத்துப் பேர் நிற்பதே அந்த ஒற்றுமையின் மெய்ப்பொருள்.