பல் மருத்துவ மாணவரின் பயிற்சியும் மதிப்பீடும்



பிற துறை மாணவர் பெரும்பாலும் பட்டம் பெற்ற பின்னர் மேற்கொள்ளும் பணியைப் பல் மருத்துவ மாணவர் பட்டம் பெறுமுன்னரே மேற்கொள்கிறார். மூன்றாம் ஆண்டிலேயே அவர் ஆசிரியரின் மேற்பார்வையில் நோயாளியின் சொத்தைப் பல்லைக் குடைந்து அடைக்கிறார். காப்பாற்ற இயலாத பல்லைப் பிடுங்குகிறார். குடைந்தெடுத்த பல் மீண்டும் வளர்வதில்லை. எனவே, இம்மாணவரை எவ்வாறு பயிற்றுவிப்பது, அவரது தேர்ச்சியை எவ்வாறு அளப்பது என்பன கல்லூரிச் சுவர்களுக்குள் அடங்கும் வினாக்கள் அல்ல. பொதுமக்கள் நலனைச் சார்ந்தவை.

பெங்களூருவின் கிழக்கே உள்ள வைட்ஃபீல்டை எடுத்துக்கொள்வோம். 1882இல் ஆங்கிலோ-இந்தியக் குடியிருப்பாகத் தோன்றிய இவ்வூர், இன்று கணிப்பொறி நிறுவனங்கள் நிறைந்த நகர்ப்பகுதி. இங்கு வைதேகி பல் மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. கர்நாடகத்தின் பல் மருத்துவக் கல்லூரிகள் பலவும் 1996இல் நிறுவப்பெற்ற ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்துடன் இணைந்தவை. இத்தகைய கல்லூரி மருத்துவமனைகளின் நாற்காலியில் அமர்பவர் யார்? வசதி படைத்தவர் தனியார் மருத்துவரை நாடுவார். குறைந்த கட்டணத்தை நம்பி வருபவர் கட்டடத் தொழிலாளர், வீட்டுப் பணியாளர், சுற்றுவட்டாரச் சிற்றூர் மக்கள் ஆகியோரே. கிழக்கே கோலார் மாவட்டத்தில் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுந்திருப்பதால், பற்களில் கறை படிந்தோரும் உண்டு. இவர்கள் பேசும் மொழிகள் கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி எனப் பல.

பயிற்சி முதலில் உயிரற்ற பொருளில் தொடங்குகிறது. 1894இல் ஆஸ்வால்டு ஃபெர்கஸ் அறிமுகப்படுத்திய மாதிரித் தலையின் வழிவந்த கருவிகளில் மாணவர் கைப்பழக்கம் பெறுகிறார். பின்னர் மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் துறைதோறும் நோயாளிகளைக் கவனிக்கிறார். இறுதியில் ஓராண்டு உள்ளுறைப் பயிற்சி. அதில் மூன்று மாதங்கள் சமுதாயப் பல் மருத்துவத்திற்கு உரியவை.

மதிப்பீட்டிற்கு வருவோம். இந்தியப் பல் மருத்துவக் கவுன்சிலின் 2007ஆம் ஆண்டு விதிகள் ஒவ்வொரு பாடத்திற்கும் 200 மதிப்பெண் வகுத்தன. அவற்றுள் செய்முறைக்கு 100. இந்த நூறில் 90 பல்கலைக்கழகத் தேர்வுக்கும், 10 மட்டுமே உள்மதிப்பீட்டிற்கும் உரியவை. அதாவது, ஆண்டு முழுவதும் ஆற்றிய பணியின் எடை ஒரு பங்கு. ஒரு நாள் தேர்வின் எடை ஒன்பது பங்கு. அத்தேர்வு நாளில் ஏற்ற நோயாளி வராவிடில் என் செய்வது? ஒரு மாணவருக்கு எளிய பல்லும் மற்றொருவருக்குக் கடினமான பல்லும் வாய்த்தால் நீதி எங்கே?

மற்றொரு வழக்கம், இத்தனை பற்களைப் பிடுங்க வேண்டும், இத்தனை அடைக்க வேண்டும் என எண்ணிக்கை வகுப்பது. பழக்கத்திற்கு எண்ணிக்கை தேவையே. ஆயினும் எண்ணிக்கையே இலக்காகிவிடின், நோயாளியின் தேவை பின்தள்ளப்படும். தமது கணக்கிற்குரிய பல் முடிந்தவுடன், அதே வாயிலுள்ள ஈறு நோயை மாணவர் கவனியாது விட நேரும்.

இக்குறைகளைக் களைய வழிகள் உண்டு. 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டியில் ரொனால்டு ஹார்டனும் அவர்தம் துணைவரும் ஒரு தேர்வு முறையை வெளியிட்டனர். மாணவர் அனைவரும் ஒரே வகையான பல நிலையங்களைக் கடந்து செல்வர். ஒவ்வொன்றிலும் ஒரே அளவுகோல் கொண்டு மதிப்பிடப்படுவர். வாய்ப்பு என்னும் கூறு இதனால் குறைகிறது. எனினும், உயிருள்ள நோயாளியிடம் காட்ட வேண்டிய பொறுமையும் பொறுப்பும் சில மணித்துளிகளில் புலப்படா. அவற்றை ஆசிரியர் நாள்தோறும் கண்டு குறித்தல் வேண்டும். நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கி இசைவு பெற்றாரா, கருவிகளின் தூய்மையைப் பேணினாரா, தம்மால் இயலாதபோது ஆசிரியரை அழைத்தாரா, தொடங்கிய சிகிச்சையை முற்றுவித்தாரா என்பனவே குறிக்கத்தக்கவை.

2023இல் இயற்றப்பெற்ற தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம், நாடு தழுவிய இறுதித் தகுதித் தேர்வுக்கு வழிவகுக்கிறது. பொது அளவுகோல் ஒன்று அமைவது வரவேற்கத்தக்கதே. ஆனால் எழுத்துத் தேர்வு அறிவை அளக்கும்; கையை அளக்காது. ஆகவே அன்றாட மதிப்பீட்டின் எடையை உயர்த்துதலும், அதற்குப் போதிய ஆசிரியரை அமர்த்துதலும் இன்றியமையாதன.

ஏழைத் தொழிலாளி ஒருவர், ஒரு நாள் கூலியை இழந்து, நம்பிக்கையுடன் வாயைத் திறக்கிறார். மாணவரின் கல்விக்கு அவர் அளிக்கும் நன்கொடை அது. அவர் நலமுடன் வீடு திரும்புவதே அம்மாணவரது தேர்ச்சிக்கு முதற்சான்றாக அமைய வேண்டும்.