கைதிகள் போட்ட ஓடுதளம்



வானூர்திக் கம்பெனி ஒன்று புதிய வழித்தடம் தொடங்குகிறது என்றால் ஏடுகளிலே செய்தி எப்படி வரும் என்பதை நீங்கள் அறிவீர்கள். பெரிய மனிதர் ஒருவர் நாடா வெட்டுவார். பணிப்பெண்கள் புன்னகை பூத்து வரிசையாக நிற்பர். தீயணைப்பு வண்டிகள் இருபுறமும் நின்று நீரைப் பீய்ச்சி வளைவு கட்ட, அந்த வளைவுக்கடியிலே விமானம் மெல்ல ஊர்ந்து வரும். படத்தைப் பார்க்கிறோம், பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். விமானம் ஏறுபவர் யாரோ, நமக்கென்ன என்பது நம் எண்ணம்.

அத்தகைய படமொன்றை இன்று புரட்டாமல் சற்று உற்றுப் பாருங்கள் என்று கேட்டுக் கொள்ளவே வந்திருக்கிறேன்.

2018 ஆம் ஆண்டு அக்டோபர் 28 ஆம் நாள், கென்யா நாட்டின் தலைநகரான நைரோபிக்கும் அமெரிக்காவின் நியூயார்க் நகருக்கும் இடையே கென்யா ஏர்வேஸ் நிறுவனம் விமானப் போக்குவரத்தைத் தொடங்கிற்று. இடையிலே எங்கும் இறங்காமல் 15 மணி நேரம் அளவுக்குப் பறக்கும் போயிங் 787 விமானம். அதற்கு முன்னே அவ்விரு நாடுகளுக்கும் இடையில் இடைநில்லா விமானம் ஓடியதே இல்லை. கொடியசைத்து வழியனுப்பியவர் நாட்டின் தலைவர் உகுரு கென்யாட்டா. விமான நிலையத்தின் பெயரோ ஜோமோ கென்யாட்டா. அவரைப் பெற்றெடுத்த தந்தையின் பெயர்.

தந்தையின் பெயர் தாங்கிய நிலையத்திலே தனயன் கொடியசைத்தார். நல்ல படந்தான்! ஆனால் விமானத்தின் சக்கரங்களுக்கடியிலே நீண்டு கிடந்ததே ஓடுதளம், அதைப் போட்டவர் யார்? படத்திலே அவர்கள் இல்லை.

1952 அக்டோபர் 20 இல், கென்யாவை ஆண்ட பிரிட்டிஷ் கவர்னர் ஈவ்லின் பேரிங் அவசர நிலையைப் பிரகடனம் செய்தார். பாட்டன் பூட்டன் உழுத நிலத்தை வெள்ளைப் பண்ணையாரிடம் பறிகொடுத்துவிட்டு, அதே நிலத்தில் கூலிகளாய்க் குனிந்து நின்ற கிக்குயூ மக்கள் கொதித்தெழுந்த காலம் அது. மாவ் மாவ் கிளர்ச்சி என்றனர். கிளர்ச்சியின் மூளை என்று குற்றம் சாட்டி ஜோமோ கென்யாட்டாவை 1953 ஏப்ரலில் 7 ஆண்டு கடுங்காவலில் தள்ளினர். 1954 ஏப்ரலில் நைரோபி நகரையே படை சூழ்ந்தது. தெருத் தெருவாய், வீடு வீடாய் ஆப்பிரிக்கரை வெளியே இழுத்து, சல்லடையில் சலிப்பதுபோல் சலித்து, ஆயிரமாயிரம் பேரை முகாம்களுக்கு அனுப்பினர். வழக்கில்லை, விசாரணையில்லை, கிக்குயூ என்பதே குற்றம்.

நைரோபிக்கு அருகே எம்பகாசி என்றொரு வெளி. புதிய விமான நிலையம் அங்கே அமையவேண்டுமென்று கவர்னரின் ஆட்சி கருதிற்று. ஆள் வேண்டுமே! முகாம் நிறைய ஆள் இருந்தனரே! அந்தக் கைதிகளைக் கொண்டுவந்தனர். மண் வெட்டியவர்கள் அவர்கள். கல் சுமந்தவர்கள் அவர்கள். 1958 இல் நிலையம் முடிந்தது. திறந்து வைத்தவர் யார் தெரியுமா? அவசர நிலையைப் பிரகடனம் செய்த அதே பேரிங்! அன்றைக்கும் படம் எடுத்திருப்பார்கள்.

முகாம்களில் வதைபட்டு எஞ்சிய முதியவர்கள் இலண்டன் நீதிமன்றத்தின் படியேறினர். 2013 ஜூன் மாதத்தில்தான் பிரிட்டனின் வெளியுறவு அமைச்சர் வில்லியம் ஹேக் பார்லிமெண்டிலே எழுந்து, நடந்ததற்கு வருந்துவதாகக் கூறினார். 5,228 பேருக்கு வழக்குச் செலவு உட்பட 1 கோடியே 99 இலட்சம் பவுன். அரை நூற்றாண்டுக்கு மேல் கடந்துவிட்டது. வருத்தம் கேட்கக் காத்திராமல் மாண்டவர் எத்தனை பேரோ!

ஓடுதளத்தைப் பின்னாளில் நீட்டினர், செப்பனிட்டனர். ஆயினும் 2018 இல் அந்த நிலையத்துக்கு இருந்த ஓடுதளம் ஒன்றேதான். நியூயார்க் விமானம் அதிலேதான் ஓடி எழும்பிற்று.

சரி, மண்ணில் ஓடுதளம் இருந்துவிட்டால் போதுமா? விண்ணில் வழி வேண்டுமே! வானம் எல்லோருக்கும் பொது என்று நாம் நினைக்கிறோம். 1944 டிசம்பரில் சிகாகோ நகரிலே கூடி ஒப்பந்தம் எழுதியவர்கள் அப்படி எழுதவில்லை. ஒவ்வொரு அரசுக்கும் தன் நிலத்துக்கு மேலுள்ள வானம் முழு உரிமை. அந்த அரசின் இசைவின்றி வேற்றுநாட்டு விமானம் காலந்தவறாது வந்து போக இயலாது என்பது விதி. நியாயமான விதிதான், நாடு நம் கையில் இருந்தால்! ஆனால் அந்த மாநாட்டிலே ஆப்பிரிக்கக் கண்டத்திலிருந்து அமர்ந்த நாடுகள் எகிப்து, எத்தியோப்பியா, லைபீரியா, வெள்ளையர் ஆண்ட தென்னாப்பிரிக்கா, இவை நான்கே. மற்ற ஆப்பிரிக்காவின் வானம் இலண்டனிலும் பாரிசிலும் பிரஸ்ஸல்சிலும் லிஸ்பனிலும் பூட்டிக் கிடந்தது.

நம் நாட்டுக் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏர் இந்தியா இன்டர்நேஷனல் தனது முதல் விமானத்தை 1948 ஜூன் 8 இல் இலண்டனுக்கு அனுப்பிற்று. அடுத்து எந்த ஊர் என்று எண்ணுகிறீர்கள்? நைரோபி! 1950 இல் பம்பாயிலிருந்து ஏடன் வழியாக நைரோபிக்கு வழித்தடம் திறந்தது. காரணம் வெளிப்படை. கென்யாவின் இரயில் பாதையை 1896 முதல் 1901 வரை போட்டவர்கள் இந்தியாவிலிருந்து கப்பலேற்றப்பட்ட ஏறத்தாழ 32,000 கூலிகள். அவர்களில் 2,500 பேரளவில் அங்கேயே மடிந்தனர். நைரோபி நகரே 1899 இல் அந்தப் பாதையின் முகாமாகத் தோன்றியதுதான். தங்கியவர்களும், பின்னே வணிகம் நாடிச் சென்றவர்களும் அங்கே பெருகியிருந்தனர்.

ஆனால், தோழர்களே, நைரோபியில் இறங்க இந்திய விமானம் யாரிடம் அனுமதி பெற்றது? நைரோபியிடமல்ல, இலண்டனிடம். ஏடனுக்கும் இலண்டனே எசமான். விடுதலை பெற்ற பம்பாயிலிருந்து விடுதலை பெறாத நைரோபிக்குப் பறந்தது விமானம்.

அதே 1950 இல் நைரோபியில் மற்றொன்றும் நடந்தது. பஞ்சாபிலே பிறந்து கென்யாவில் வளர்ந்த மக்கன் சிங் என்ற தொழிற்சங்கத் தலைவர், கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு உடனே விடுதலை வேண்டுமென்று ஏப்ரல் மாதப் பொதுக்கூட்டத்தில் முழங்கினார். மே மாதம் அவரைக் கைது செய்தனர். நகரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர் வெளியே வந்தது 1961 இல். பதினோராண்டு! இந்தியரில் கடைவைத்துக் காசு சேர்த்தவரும் உண்டு, கறுப்பரின் தோளோடு தோள் நின்று சிறை புகுந்தவரும் உண்டு. இரண்டையும் சொல்லவேண்டும், ஒன்றை மட்டும் சொல்லிப் பெருமை பேசுவது எனக்கு உடன்பாடன்று.

வானத்தின் பூட்டு விடுதலைக் கொடி ஏறியவுடன் திறந்துவிடவில்லை. எசமானனின் தலைநகரத்துக்கும் அடிமை நாட்டுத் தலைநகரத்துக்கும் இடையே கோடு போட்டவர்கள், இரண்டு அடிமைத் தலைநகரங்களுக்கு இடையே ஏன் கோடு போடப்போகிறார்கள்? பக்கத்து ஆப்பிரிக்க நாட்டுக்குப் போக ஐரோப்பாவைச் சுற்றிவரும் விந்தை பிறந்தது அப்படித்தான். 1960 இல் எத்தியோப்பிய விமான நிறுவனம் அடிஸ் அபாபாவிலிருந்து அக்ரா வழியாக மன்ரோவியாவுக்கு, கண்டத்தைக் குறுக்கே கடந்து, வழி திறந்தது. ஆப்பிரிக்கா ஆப்பிரிக்காவை நேரே சென்று பார்த்த நாள் என்றே அதைச் சொல்லுவேன்.

பூட்டுகிற உரிமையை ஆயுதமாகவும் அவர்கள் ஏந்தினர். நிறவெறி தென்னாப்பிரிக்காவின் விமானங்களுக்கு எங்கள் வானம் இல்லை என்று 1963 இல் புதிய ஆப்பிரிக்க அரசுகள் கதவடைத்தன. மேற்கே புடைத்து நிற்கும் கண்டத்தின் தோளைச் சுற்றி, கடல்மீதே பறந்து, சால் தீவில் எண்ணெய் நிரப்பிக்கொண்டு ஐரோப்பா போகவேண்டியதாயிற்று அந்த விமானங்களுக்கு. பீரங்கி இல்லாத நாடுகள்தாம்! ஆயினும் அவர்களுக்கென்று ஒரு வானம் இருந்தது.

ஆனால் வல்லரசின் வாசலிலே அந்தச் சாவி செல்லாது. அமெரிக்கக் கம்பெனியான டெல்டா, டக்கார் வழியாக நைரோபிக்கு விமானம் விட 2009 ஜூன் மாதத் தொடக்கத்தில் நாள் குறித்தது. பயணச் சீட்டு விற்றாயிற்று, விழாவுக்கு ஏற்பாடும் ஆயிற்று. கடைசி நேரத்தில் வாஷிங்டனின் பாதுகாப்பு அதிகாரிகள் அனுமதி மறுத்தனர். முடிந்தது விழா! பிறகு கென்யா தன் வான்போக்குவரத்து மேற்பார்வையை அமெரிக்கர் வகுத்த அளவுகோலுக்குக் கொண்டுவந்து, 2017 பிப்ரவரியில் முதல் தரச் சான்று பெற்றது. அதன் பின்னரே 2018 இன் கொடியசைப்பு. பயணிகளின் உயிருக்குப் பாதுகாப்பு வேண்டாம் என்பார் எவருமில்லை. அளவுகோல் எப்போதும் ஒரே கையில் இருக்கிறதே என்பதுதான் என் மனக்குறை.

சொந்தக் கொடி பொறித்த விமானம் வந்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று சொல்லவும் நான் வரவில்லை. 1961 இல் பதினொரு நாடுகள் சேர்ந்து அமைத்த ஏர் ஆப்பிரிக் 2002 இல் மூடப்பட்டது; அதிலே வெளியார் சதியைவிட உள்வீட்டுச் சீர்கேடு குறைவென்று என்னால் சொல்ல முடியாது. கென்யா ஏர்வேஸ் 1977 இல் பிறந்தது. 1996 இல் டச்சு நிறுவனமான கே.எல்.எம். அதில் 26 விழுக்காடு பங்கு வாங்கிற்று. கடன் ஏறி, கழுத்தை நெரித்து, 2017 இல் கணக்கைத் திருத்தியபோது அரசுக்கு 48.9 விழுக்காடு, கே.எல்.எம்முக்கு 7.8 விழுக்காடு, கொடுத்த கடனைப் பங்காக மாற்றிக்கொண்ட உள்நாட்டு வங்கிகளுக்கு 38 விழுக்காட்டுக்குச் சற்று மேல். மறு ஆண்டு நியூயார்க் பறந்த அந்தப் பெருமைமிகு விமானத்தில், பயணிகளோடு கடன்காரரும் ஏறியிருந்தனர் என்று சொன்னால் மிகையாகாது.

கடைசியாக ஒன்று. கைதிகள் போட்ட அந்த ஓடுதளத்தை, அதைச் சேர்ந்த நிலையத்தோடு 30 ஆண்டுக் குத்தகைக்கு விடும் திட்டம் 2024 இல் எழுந்தது. கேட்டவர் வெள்ளையரல்லர், நம் நாட்டு அதானி குழுமம். எங்கள் வேலை என்னாகும், நிபந்தனை என்ன, தாளைக் காட்டுங்கள் என்றனர் விமான நிலையத் தொழிலாளர். தாள் வெளிவரவில்லை. நைரோபி உயர்நீதிமன்றம் திட்டத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. செப்டம்பர் 11 ஆம் நாள் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். விமானங்கள் தரையில் நின்றன. மூட்டை முடிச்சுகளோடு பயணிகள் வாசலில் நின்றனர். அன்றைக்கே சங்கத்துடன் அரசு பேசி, ஆவணங்களைக் காட்ட ஒப்பிற்று. தொழிலாளர் உள்ளே திரும்பினர். நவம்பரில் அமெரிக்காவில் அந்தக் குழுமத்தின் தலைவர்மீது குற்றச்சாட்டு வந்தது. குழுமம் அதை மறுத்தது. மறுநாளே பார்லிமெண்டில் பேசிய தலைவர் வில்லியம் ரூட்டோ, குத்தகைத் திட்டம் கைவிடப்பட்டது என்று அறிவித்தார். அவையிலே கைதட்டல் எழுந்தது.