கலைக்களஞ்சியமும் ஒரு கேணலின் வரலாறும்



சொல்லில் ஐயம் தோன்றினால் அகராதியைப் பார். பெரியார் ஒருவரைப் பற்றி அறிய வேண்டுமாயின் கலைக்களஞ்சியத்தைப் பார் என்று மாணாக்கர்க்கு நாம் சொல்லி வருகின்றோம். நல்ல அறிவுரையே. ஆயினும், பார்த்ததை எவ்வாறு சீர்தூக்குவது என்பதை நாம் சொல்லிக் கொடுப்பது குறைவு. மாணவன் அங்குள்ள பந்தியைப் பார்த்தெழுதுகின்றான். ஆசிரியர் புள்ளி இடுகின்றார். பந்தியிலே ஒரு பிழை இருக்குமாயின், அதுவும் அடுத்த தலைமுறைக்கு முதுசொமாகப் போய்ச் சேருகின்றது.

ஆகையால், கலைக்களஞ்சியத்தில் வரும் வாழ்க்கை வரலாறு ஒன்றை ஆராய்ந்து மதிப்பிடும் முறையைப் பற்றி இன்று பேச விரும்புகின்றேன். எடுத்துக்காட்டாகப் படைத்துறை அதிகாரி ஒருவரைத் தெரிந்துகொண்டுள்ளேன். படையில் ஒருவர் சேர்ந்த ஆண்டு, ஏறிய பதவி, சென்ற இடம் ஆகியன அரசாங்க ஏடுகளிற் பதியப்படுவன. எனவே, அத்தகையவரின் வரலாற்றைச் சரிபார்ப்பதற்கு வழி உண்டு.

நான் தெரிந்துகொண்டவர் கேணல் சேர் ஜோர்ஜ் எவரெஸ்ற். உலகின் மிக உயர்ந்த சிகரத்தின் பெயராக அவர் பெயரை அறியாதார் இலர். அவர் ஒரு பீரங்கிப்படை அதிகாரி என்பதை அறிந்தவரோ சிலரே. 1806ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கும்பனியின் வங்காளப் பீரங்கிப் படையிற் சேர்ந்த அவர், 1814 முதல் 1816 வரை யாவாத் தீவை அளக்கும் பணியில் ஈடுபட்டார். 1818இல், இந்தியப் பெரும் முக்கோண அளவையின் தலைவராகிய வில்லியம் லாம்ற்றனுக்கு உதவியாளராக நியமிக்கப்பெற்றார். 1823இல் லாம்ற்றன் இறக்க, அப்பணியின் பொறுப்பு இவரைச் சேர்ந்தது. 1830இல் இந்தியாவின் நில அளவையாளர் நாயகமாகி, 1843இல் ஓய்வு பெற்றார். 1866 திசெம்பர் 1ஆம் திகதி இலண்டனிற் காலமானார்.

இவரைப் பற்றிய கட்டுரை ஒன்று நம்முன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலிற் பிறப்பைப் பார்க்க வேண்டும். பிறந்த நாள் 1790 யூலை 4 என்பதே நூல்களில் வருவது. பிறந்த இடத்திலேதான் அவை வேறுபடுகின்றன. வேல்சு நாட்டிலுள்ள குவேண்வேல் என்னும் குடும்ப மாளிகை என்பர் சிலர். இலண்டனைச் சார்ந்த கிறீனிச் என்பர் வேறு சிலர். கிறீனிச்சிலுள்ள புனித அல்பேச் தேவாலயத்தில் 1791 சனவரி 27ஆம் திகதி அவருக்கு ஞானஸ்நானம் நடைபெற்றது. இப்பதிவு ஞானஸ்நானம் நடந்த இடத்துக்குச் சான்று. பிறந்த இடத்துக்கு நேர்ச்சான்று ஆகாது. இரண்டு இடங்களையும் குறிப்பிட்டு, சான்று எதுவரை செல்லும் என்பதையும் சொல்லுகின்ற கட்டுரையே நேர்மையானது. ஒன்றை மட்டும் துணிந்து சொல்லும் கட்டுரையை நோக்கி, “இதனை எவ்வாறு அறிந்தீர்?” என்று வினவ வாசகனுக்கு உரிமை உண்டு.

அடுத்தது பதவியும் பட்டமும். எவரெஸ்ற் லெப்ரினன்ற் கேணல் ஆனது 1838இல். கேணல் ஆனது 1854இல். சேர் பட்டம் பெற்றது 1861இல். இவற்றுள் பின்னைய இரண்டும் இந்தியாவை விட்டு நீங்கிப் பல்லாண்டுகள் சென்றபின் வந்தவை. “கேணல் சேர் ஜோர்ஜ் எவரெஸ்ற் 1830இல் பதவி ஏற்றார்” என்று ஒரு கட்டுரை கூறுமாயின், எழுதியவர் ஆண்டுகளை ஒப்புநோக்கவில்லை என்பது தெளிவு. அத்தகையவர் பிறவற்றை எவ்வளவு கவனித்திருப்பார் என்ற ஐயமும் உடன் எழுகின்றது.

இனி, பெரும் பிழைக்கு வருவோம். “எவரெஸ்ற் சிகரத்தைக் கண்டுபிடித்தவர்” என்றோ, “அளந்தவர்” என்றோ இவரைக் குறிப்பிடுவோர் உளர். ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். அவர் ஓய்வு பெற்றது 1843. பதினைந்தாம் சிகரம் என்று அப்பொழுது எண்ணிட்டு வழங்கிய அம்மலையைச் சமவெளியிலிருந்து கருவிகளால் நோக்கிக் கோணங்களைக் குறித்தது 1849, 1850 ஆகிய ஆண்டுகளில். அதன் உயரம் 29,002 அடி என வெளியிட்டது 1856இல். வெளியிட்டவர் எவரெஸ்றுக்குப் பின் அப்பதவிக்கு வந்த அன்றூ வோ. எவரெஸ்றின் பெயரை மலைக்குச் சூட்டவேண்டும் என்று முன்மொழிந்தவரும் அவரே. எவரெஸ்றோ அதனை விரும்பினார் அல்லர். தமது பெயரை இந்தியிலோ பாரசீகத்திலோ எழுதல் இயலாது, அந்நாட்டு மக்களால் உச்சரிக்கவும் இயலாது என்று 1857இல் மறுப்புக் கூறினார். அரச புவியியற் கழகம் 1865இல் அப்பெயரை ஏற்றுக்கொண்டது. திபெத்திய மக்கள் அம்மலையைச் சோமோலுங்மா என்று வழங்கினர். பெயர் சூட்டப்பெற்றவரே மறுத்தார் என்ற இச்செய்தி அவருடைய குணத்தைக் காட்டுவது. கட்டுரையில் அதற்கு இடம் இல்லையேல் அது குறையே.

பிழை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வருவதன்று. நம்மவரைப் போற்றும் ஆர்வத்தாலும் வரும். வங்காளத்துக் கணித அறிஞர் இராதாநாத் சிக்தார், 1852இல் ஒருநாள், தேராதூன் அலுவலகத்தில் வோவின் அறைக்குள் ஓடிச்சென்று, “உலகின் மிக உயர்ந்த மலையைக் கண்டுபிடித்துவிட்டேன்” என்று கூவினார் என ஒரு கதை உண்டு. கேட்க இனிய கதை. ஆனால் சிக்தார் 1849இலேயே கல்கத்தா அலுவலகத்துக்கு மாற்றப்பட்டுவிட்டார். பதினைந்தாம் சிகரத்தின் உயரம் பலருடைய நோக்கல்களையும் கணிப்புகளையும் ஒன்றுசேர்த்துப் பல ஆண்டுகளில் உறுதியாயிற்று. ஒருநாட் கூவலில் அது பிறக்கவில்லை.

கதையைத் தள்ளும்பொழுது மனிதரையும் தள்ளிவிடலாகாது. சிக்தார் 1831இல் எவரெஸ்றிடம் பணிக்குச் சேர்ந்து, அவருடைய பெருமதிப்பைப் பெற்றவர். அளவைத் திணைக்களத்தின் தலைமைக் கணிப்பாளராக விளங்கியவர். 1851இல் வெளிவந்த நில அளவைக் கைந்நூலின் முன்னுரை அவருடைய பங்கை நன்றியுடன் குறிப்பிட்டது. சிக்தார் 1870இல் இறந்தார். 1875இல் வந்த மூன்றாம் பதிப்பில் அந்த நன்றிக் குறிப்பைக் காணோம். அவர் எழுதிய பகுதிகளோ நூலில் இருந்தன. மறு ஆண்டில் பத்திரிகையிலே இதற்குக் கண்டனம் எழுந்தது. ஒரு நூலின் இரண்டு பதிப்புகளை அருகருகே வைத்துப் பார்ப்பது எத்துணைப் பயனுடையது என்பதற்கு இதனிலும் சிறந்த சான்று வேண்டுமோ?

ஆகவே, கட்டுரையில் உள்ளதைச் சரிபார்த்தபின், இல்லாததைத் தேடுதல் வேண்டும். அளவைக் கருவிகளைச் செப்பனிட்ட சையத் மீர் மொசின் ஹுசைன் ஆர்க்காட்டைச் சேர்ந்தவர். ஐரோப்பியக் கருவிவினைஞர் செய்த வேலையை அவருக்குப் பின் ஏற்றுச் செய்தவர். பாரமான கருவிகளைச் சுமந்தோரும், கொடி பிடித்தோரும், காட்டுக் காய்ச்சலால் இறந்தோரும் பலர். அவர்கள் எல்லோர்க்கும் கலைக்களஞ்சியத்திலே தனிக் கட்டுரை எழுத இயலாது. ஆனால், தலைவரின் வரலாற்றிலே ஒரு வாக்கியம் அவர்களுக்கு உரியது.

இவ்வளவும் களைந்தபின் எவரெஸ்றின் புகழ் குன்றிவிடுமோ என்றால், குன்றாது. அவர் உண்மையிற் செய்த வேலை அப்பொழுதுதான் கண்ணுக்குத் தெரிகின்றது. 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே லாம்ற்றன் தொடக்கிய அளவை, கன்னியாகுமரி தொட்டு இமயத்தின் அடிவாரம் வரை ஏறக்குறைய 2,400 கிலோமீற்றர் நீளமுள்ள ஒரே கோட்டு வில்லாக நிறைவெய்தியது எவரெஸ்றின் தலைமையில். மேடு இல்லாத கங்கைச் சமவெளியிலே கோபுரங்களைக் கட்டி, அவற்றின் உச்சியிலிருந்து கோணங்களை அளந்தனர். நோய் அவரைப் பலமுறை வீழ்த்தியது. ஐந்தாண்டுக் காலம் இங்கிலாந்திலே தங்கியிருந்து மீண்டும் வந்தார். பூமியின் உருவத்தைப் பற்றி அவர் கண்ட அளவுகள் அவர் பெயராலேயே வழங்கலாயின. நமது இலங்கையின் நில அளவைப் படங்களுக்கும் அக்கணக்கே அடிப்படையாக அமைந்தது. நமக்கும் அவருக்கும் உள்ள மெய்யான தொடர்பு அந்தப் படங்களிலே இருக்கின்றது.

பெற்றோரும் ஆசிரியரும் இதனை வீட்டிலும் வகுப்பிலும் செய்து பார்க்கலாம். பிள்ளை ஒரு பெரியாரின் வரலாற்றைப் பார்த்தெழுதி வந்தால், ஆண்டுகளை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதச் சொல்லுங்கள். அதே பெரியாரைப் பற்றி வேறொரு நூலையும் படிக்கச் சொல்லுங்கள். இரண்டும் எங்கே மாறுபடுகின்றன என்று பிள்ளையே கண்டு சொல்லட்டும். மாறுபாட்டைக் கண்ட பிள்ளைக்கு ஒரு புள்ளி கூடுதலாகக் கொடுத்தாற் குறைந்து போகமாட்டோம். பிழை உறுதியாயின், சான்றுடன் பதிப்பாசிரியருக்கு எழுதுங்கள். தாம் செய்யாததற்காகப் போற்றப்படுவதை எவரெஸ்ற் வேண்டவில்லை. செய்ததற்குரிய பெயரைச் சிக்தார் இழந்தார். இறந்தவர் எழுந்து வந்து தம் வரலாற்றைத் திருத்த மாட்டார். அவருக்காகத் திருத்த வேண்டியவர் வாசகரே.