பண்டகசாலையும் பற்றரியும்

பண்டகசாலைகளிலே போர்க்லிப்ற் எனப்படும் பாரந்தூக்கி வண்டிகள் பற்றரியால் ஓடுவதை நேயர்கள் பலர் கண்டிருப்பீர்கள். தேநீர் வேளையில் 10 நிமிடம் மின்னேற்றினால் அதுவும் இலாபந்தானே என்று மேற்பார்வையாளர் எண்ணுவது இயல்பு. ஈய அமிலப் பற்றரிக்கோ அது நட்டமே. அதன் ஆயுள் ஏறத்தாழ 1500 மின்னேற்றங்கள். இடையிடையே சிறுகச் சிறுக ஏற்றுவதும் அக்கணக்கிலே சேர்ந்துவிடுகின்றது. 8 மணிநேர உழைப்பு, 8 மணிநேர மின்னேற்றம், பின் 8 மணிநேரம் சூடு ஆறுதல் என்பதே அதற்குரிய ஒழுங்கு. ஆகவே இரவு பகலாக வேலை நடக்குமிடத்தில் வண்டியொன்றுக்கு 3 பற்றரிகள் வேண்டும்.

மின்னேற்றுகையில் ஐதரசன் வாயு வெளிப்படும். காற்றில் அது நூற்றுக்கு 4 பங்கானால் ஒரு தீப்பொறி போதும், கட்டடமே வெடிக்க. காற்றோட்டத்திலே சிக்கனம் பார்த்தல் தகாது. காய்ச்சி வடித்த நீரையும் மின்னேற்றிய பின்னரே நிரப்புதல் வேண்டும். முன்னரே நிரப்பினால் அமிலம் பொங்கி வழியும்.

இலிதியப் பற்றரியின் இயல்பு வேறு. தேநீர் வேளை மின்னேற்றம் அதற்கு நன்கு ஒத்துக்கொள்ளும், நீரும் வேண்டியதில்லை. விலைதான் அதிகம். பகலில் மட்டும் வேலை நடக்கும் சிறிய பண்டகசாலைக்கு ஈயமே போதும் என்பது என் கருத்து. இரவு பகலாக இயங்குவோர், மாற்றுப் பற்றரிகளின் விலையையும் அவை அடைத்துக்கொள்ளும் இடத்தையும் கூட்டிப் பார்த்தபின் இலிதியத்தின் விலையைக் கேட்பார்களாக.